இடப்பக்கம் இல்லாத சந்தை: டர்பனிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

வார்டிலிருந்து வந்த பரிந்துரைக் கடிதம் சுருக்கமானது. வயது 71. பக்கவாதம் கண்டு மூன்றாவது வாரம். நன்றாகப் பேசுகிறார், ஆனால் ஒத்துழைப்பதில்லை. சாப்பாட்டில் பாதியை வைத்துவிடுகிறார். மோக்கா என்ற அறிவாற்றல் தேர்வில் 30-க்கு 11. டிமென்ஷியா தொடங்கிவிட்டதா என்று பார்த்துச் சொல்லவும்.

கடிதத்தில் இருந்த தகவல் எதிலும் பிழையில்லை. அவற்றுக்குப் போட்ட முடிச்சுதான் கோணல். தெளிவாகப் பேசுகிற மனிதர் மற்ற எல்லாவற்றிலும் தெளிவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அது பிடிவாதம் அல்லது மறதி நோய் என்ற எண்ணம் வார்டிலும் இருந்தது, வீட்டிலும் இருந்தது. மூளையின் வலப்பக்கம் அடிபட்டவர்களுக்கு அடிக்கடி நேரும் கதி இது. இடப்பக்கம் அடிபட்டால் பலருக்குப் பேச்சு போய்விடும். பார்த்ததும் எல்லோரும் பதறுவார்கள். வலப்பக்கம் அடிபட்டவர் நம்மோடு சிரித்துப் பேசிக்கொண்டே இருப்பார்.

அடையாளம் வெளிப்படாதிருக்கக் குடும்ப விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். நோயாளியைப் பெரியவர் என்றே குறிப்பிடுகிறேன்.

பின்னணி

பெரியவரின் முன்னோர் கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் டர்பனில் வந்து நின்றதில் தொடங்கி 1911 வரை வந்த கப்பல்களில் எதில் வந்தார்கள் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்பா டர்பன் மாநகராட்சியில் துப்புரவுத் தொழிலாளி. பெரியவர் பிறந்தது மாநகராட்சி ஊழியர்களின் குடியிருப்பான மேகசின் பாரக்ஸில். 1960-களில் அங்கிருந்தவர்களை இந்தியர்களுக்கான புறநகரான சாட்ஸ்வொர்த்துக்குக் கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். பையனாக இருந்த இவரும் சட்டிபானைகளோடு போனார். படிப்பு, அரசு உதவி பெற்ற இந்தியப் பள்ளியில் நான்காம் ஸ்டாண்டர்டோடு சரி. பிறகு காய்கறி வியாபாரம்தான். சாட்ஸ்வொர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட்டில் இவருடைய கடை என்றால் பழைய ஆட்கள் எல்லோருக்கும் தெரியும்.

வீட்டில் மனைவியோடு தமிழ், சந்தையில் ஆங்கிலம், கொஞ்சம் சூலு. டர்பனில் இவ்வளவு சரளமாகத் தமிழ் பேசுகிறவர்கள் இந்தத் தலைமுறையோடு குறைந்துவிட்டார்கள். பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா திட்டுவது மட்டும் புரியும் என்று மருமகள் சொன்னார்.

ரத்த அழுத்தமும் சர்க்கரையும் வெகுகாலமாக உண்டு. டர்பன் இந்தியர்களிடம் சர்க்கரை நோய் மிக அதிகம் என்பதைப் பல பத்தாண்டுகளாகவே ஆய்வுகள் சொல்லிவருகின்றன. மாத்திரை ஒழுங்காகப் போடுகிற ஆள் இல்லை.

சந்தைக்குக் கிளம்பிய ஒரு விடியற்காலையில், பக்கி என்ற சிறு சரக்கு வண்டியில் கூடைகளை ஏற்றும்போது இடது கால் மடங்கி விழுந்தார். நினைவு தப்பவில்லை, பேச்சு குழறவில்லை. "ஒண்ணுமில்ல, வழுக்கிடுச்சு" என்று அவரே சமாதானம் சொல்லியிருக்கிறார். சர்க்கரை இறங்கியிருக்கும் என்று இனிப்பாக டீ போட்டுக் கொடுத்துப் படுக்க வைத்துவிட்டார்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட நாலரை மணி நேரம்தான் கெடு. ஆஸ்பத்திரிக்குப் போனபோது அது தாண்டியிருந்தது. வாய் கோணி, பேச்சு போயிருந்தால் அப்போதே ஓடியிருப்பார்கள்.

சி.டி. ஸ்கேனில் வலது நடுப் பெருமூளைத் தமனியின் பாசனப் பகுதியில் பெரிய பாதிப்பு தெரிந்தது. சுவர் மடலின் கீழ்ப்பகுதி, அது பொட்டு மடலைத் தொடும் இடம், உள்ளே புதைந்திருக்கும் இன்சுலா என்ற பகுதி. இடது கை முற்றிலும் செயலற்றுவிட்டது, காலில் கொஞ்சம் பலம் மிச்சம்.

படுக்கையருகே

முதலில் கண்ணில் பட்டது தலைதான். தலையும் கண்களும் வலப்புற ஜன்னலை நோக்கியே திரும்பியிருந்தன. மனைவி இடப்புற நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கணவர் தன்னை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்று அவருக்கு மனத்தாங்கல். மூத்த மகனுக்கும் அப்பாவுக்கும் முன்பே சொத்து விஷயத்தில் பேச்சு வார்த்தை சரியில்லை. அவன் வந்து இடப்பக்கம் நின்று கூப்பிட்டபோது அப்பா பதிலே சொல்லாமல் ஜன்னலைப் பார்த்தது வீட்டில் பெரிய விவகாரமாகியிருந்தது. நர்ஸைக் கூப்பிடும் மணி எந்தப் பக்கம் இருந்தது என்று சொல்லத் தேவையில்லை.

மதியச் சாப்பாடு வந்தது. தட்டின் வலப்பாதியில் இருந்த சோற்றைச் சுத்தமாக வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "இங்க மீனே போட மாட்டாங்க தம்பி" என்றார். மீன் துண்டு தட்டின் இடது ஓரத்தில் இருந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் தட்டை அரை வட்டம் திருப்பினேன். "இப்பத்தான் கொண்டாந்தாங்களா" என்று கேட்டுவிட்டு மீனை எடுத்தார்.

இது பார்வைக் குறைபாடாக இருக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. என் மூக்கைப் பார்க்கச் சொல்லி இடப்பக்கம் ஒற்றை விரலை ஆட்டினேன். சற்றுத் தாமதமாக, ஆனாலும் கண்டுகொண்டார். வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒரே நேரத்தில் ஆட்டினேன். வலது விரலை மட்டும் சொன்னார். பலமுறை மாற்றி மாற்றிச் செய்தும் அப்படியே. கண் அங்கே போகிறது, தகவலும் உள்ளே வருகிறது. வலப்பக்கம் போட்டிக்கு ஏதாவது இருந்தால் இடப்பக்கம் தோற்றுவிடுகிறது. பார்வையின் இடப்பாதியை மட்டும் இழந்தவர் அந்தக் குறையை உணர்ந்து தலையைத் திருப்பப் பழகிக்கொள்வார். இவருக்கோ திருப்ப வேண்டும் என்ற எண்ணமே எழவில்லை, ஏனென்றால் எதுவும் விடுபட்டதாக அவருக்குத் தோன்றவில்லை. இதற்குப் பெயர் பக்கப் புறக்கணிப்பு. புறக்கணிப்பு என்றதும் வேண்டுமென்றே செய்வதாகத் தொனிக்கிறது. வேறு நல்ல பெயர் இல்லாததால் இதையே பயன்படுத்துகிறேன்.

பதினொரு மதிப்பெண்

மோக்கா என்பது மாண்ட்ரியலில் உருவாகி 2005-இல் வெளியான பத்து நிமிடத் தேர்வு. உலகம் முழுக்க வார்டுகளில் ஓடுகிறது. நல்ல கருவிதான், யாருக்கு எதற்காகப் போடுகிறோம் என்பதை மறக்காதவரை. வார்டில் போட்ட தாளை வாங்கிப் பார்த்தேன்.

விலங்குப் படங்கள் மூன்று: இடமிருந்து வலமாகச் சிங்கம், காண்டாமிருகம், ஒட்டகம். பெரியவர் சொன்னது ஒட்டகம் மட்டும். காண்டாமிருகத்துக்குப் பேர்போன குவாசூலு நட்டாலிலேயே பிறந்து வளர்ந்தவர் காண்டாமிருகத்தை விட்டுவிட்டு ஒட்டகத்தைச் சொல்லியிருக்கிறார்! தாளைப் பார்த்த யாருக்கும் இது உறுத்தவில்லை. கடிகார வட்டத்தில் பன்னிரண்டு எண்களும் வலப்பாதியில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. எண்களையும் எழுத்துகளையும் கோட்டால் இணைக்கும் கேள்விக்குச் சைபர், கனசதுரத்துக்குச் சைபர். ஆங்கில 'எஃப்' எழுத்தில் தொடங்கும் வார்த்தைகளை ஒரு நிமிடத்தில் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். நான்காம் ஸ்டாண்டர்டோடு நின்ற, வீட்டில் தமிழ் பேசுகிற மனிதருக்கு. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னதற்கும் சைபர்.

அந்தக் கடைசிக் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. "ஐயா, கீரைக் கட்டு ஏழு ரேண்ட். மூணு கட்டு எடுத்துக்கிட்டு நூறு ரேண்ட் நோட்டு குடுக்கிறேன், மீதி எவ்வளவு?" என்று கேட்டேன். வாயை மூடுமுன் "எழுபத்தொம்போது" என்றார். "ஏழு ரேண்டுக்கு இப்ப யாரு கீரை தர்றா?" என்று கூடவே ஒரு நக்கல்.

ஆக அந்தப் பதினொன்றில் மூன்று விஷயங்கள் கலந்து கிடந்தன. இடப்பக்கக் கவனம் போனது ஒன்று. வலது மூளைப் பாதிப்போடு வரும் மந்தமான விழிப்பு இன்னொன்று. மூன்றாவது நோயே இல்லை. அந்தக் காலத்து இந்தியக் குழந்தைக்குக் கிடைத்த பள்ளிக்கூடம். தென்னாப்பிரிக்க நரம்பு உளவியலில் இந்த மூன்றாவதைப் பற்றித்தான் ஒரு முழு வாழ்நாள் உழைப்பு நடந்திருக்கிறது. ரோட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆன் ஷட்டில்வொர்த்-எட்வர்ட்ஸும் அவருடைய குழுவினரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே அளவு வருடங்கள் படித்தவர்களிடையேகூட, வசதியான பள்ளியில் படித்தவர்களுக்கும் புறக்கணிக்கப்பட்ட பள்ளியில் படித்தவர்களுக்கும் நுண்ணறிவுத் தேர்வு மதிப்பெண்ணில் பெரிய இடைவெளி இருப்பதைக் காட்டினார்கள். எத்தனை வருடம் படித்தார் என்று கேட்பது போதாது, எந்தப் பள்ளியில் படித்தார் என்றும் கேட்க வேண்டும். மோக்காவில் படிப்புக் குறைவுக்காக ஒரு மதிப்பெண் கூட்டிக் கொடுப்பார்கள். நிறவெறி ஆட்சியின் கல்விக் கொள்கைக்கு ஒரு மதிப்பெண் ஈடு!

டிமென்ஷியா கேள்விக்கு விடை இங்கேயே ஏறக்குறைய கிடைத்துவிட்டது. நாள், கிழமை, இடம் சரி. ஐந்து வார்த்தைகளில் மூன்றைச் சிறிது நேரம் கழித்து நினைவுபடுத்திச் சொன்னார். யார் எவ்வளவு கடன் பாக்கி என்பது முதற்கொண்டு ஞாபகம் இருந்தது. மகனிடம் விசாரித்ததில் தொகைகளும் சரியாகவே இருந்தன.

தக்காளித் தட்டு

நட்சத்திரங்களைக் கோடு போட்டு அடிக்கும் தாளில் 54-க்கு 17 அடித்தார், எல்லாம் வலப்பக்கம். நீளக்கோட்டின் நடுவில் குறி போடச் சொன்னால் குறி வலப்பக்கம் வெகுதூரம் தள்ளி விழுந்தது. ஆனால் காகிதத்தோடு பழக்கமில்லாதவரைக் காகிதத்தை வைத்து எடைபோடுவதில் எனக்கு முழுத் திருப்தி வருவதில்லை. ஸ்வீடனில் 1996-இல் தாமும் டெக்னேரும் ஓர் எளிய சோதனையை எழுதியிருந்தார்கள். பதினாறு மரக்கட்டைகளைக் கொடுத்து, அடுப்பில் வைக்கும் தட்டில் பன் ரொட்டிகளை அடுக்குவதுபோலச் சீராகப் பரப்பச் சொல்வது. எங்கள் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் பன் ரொட்டியைத் தக்காளியாக்கிவிட்டார். பெரிய தட்டு, பதினாறு தக்காளி. "தாத்தா, கடை திறந்தாச்சு, அடுக்குங்க."

பெரியவர் உட்கார்ந்த தோரணையே மாறிவிட்டது. ஒவ்வொரு தக்காளியையும் வலது கையால் உருட்டிப் பார்த்தார். காம்புக் குழி கீழே போகும்படி வைத்தார். கொஞ்சம் கனிந்திருந்த இரண்டைப் பின்வரிசைக்குத் தள்ளினார். வாங்க வருகிறவர் கண்ணில் முதலில் படக்கூடாது என்ற வியாபாரக் கணக்கு. அத்தனை நுணுக்கமும் தட்டின் வலது மூன்றிலொரு பங்குக்குள் நடந்தது. அங்கே இடம் போதாமல் தக்காளியின்மேல் தக்காளியாக ஏற்றினார். ஒன்று உருண்டு இடப்பக்கம் ஓடியது. "ஒண்ணு கொறையுது, யாரோ எடுத்துட்டாங்க" என்றார். தட்டில் மூன்றில் இரண்டு பங்கு காலியாகக் கிடந்தது. கைத்திறனும் தொழிலறிவும் அப்படியே இருக்க, அவை வேலை செய்யும் நிலப்பரப்பு மட்டும் சுருங்கியிருந்தது. இதைப் பார்த்த பிறகுதான் மகன் முதல்முறையாக, "அப்பா வேணும்னு செய்யல, இல்ல?" என்று கேட்டார்.

அடுத்தது கண்ணை மூடிக்கொண்டு செய்யும் சோதனை. மிலானில் பிசியாக், லுட்சாட்டி என்ற இருவரும் 1978-இல் வெளியிட்ட புகழ்பெற்ற பரிசோதனை இதற்கு மூலம். அவர்களுடைய நோயாளிகளிடம் ஊரின் தேவாலயச் சதுக்கத்தைக் கற்பனையில் வர்ணிக்கச் சொன்னபோது வலப்பக்கக் கட்டடங்களை மட்டும் சொன்னார்கள். எதிர்ப்புறம் போய் நிற்பதாகக் கற்பனை செய்யச் சொன்னதும், முன்பு விட்டவற்றைச் சொல்லி, முன்பு சொன்னவற்றை விட்டார்கள்.

எங்களுக்குத் தேவாலயம் வேண்டாம், சந்தை இருந்தது. "பக்கி நிறுத்துற கேட்டுல நிக்கிறீங்க. உள்ள பாத்து, யார் யார் கடைன்னு சொல்லிக்கிட்டே வாங்க." மீன்காரர், மதும்பிக் கிழங்கு விற்கும் அம்மா, மசாலாக்காரர், தேங்காய்க்காரர். எல்லாம் வலது வரிசை. அவருடைய சொந்தக் கடை இடது வரிசையில். அதைச் சொல்லவில்லை! "உங்க கடை?" என்றேன். "இருக்குமே" என்று மட்டும் சொன்னார், எங்கே என்று சொல்லவில்லை. பிறகு கடைசி முனையில் நின்று கேட்டைப் பார்க்கச் சொன்னேன். இப்போது கோழிக்காரர் வந்தார், பூக்கடை வந்தது, மச்சான் கடை வந்தது, இவருடைய கடையும் வந்தது. மீன்காரர் காணாமல் போனார். வெளியே உள்ள இடப்பக்கம் மட்டுமல்ல, நினைவில் உள்ள சந்தையின் இடப்பக்கமும் அடைபட்டிருந்தது. கண் டாக்டர் இதில் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று குடும்பத்துக்குப் புரிய வைக்க எனக்கு இதைவிட நல்ல சான்று கிடைத்திருக்காது.

கை தட்டியாச்சு

இரண்டு கையையும் சேர்த்துத் தட்டச் சொன்னேன். வலது கை எழுந்து நெஞ்சுக்கு நேராக வந்து, காற்றில் தட்டிவிட்டு இறங்கியது. "தட்டியாச்சு." இடது கையைத் தொட்டு இது யாருடையது என்றால் தன்னுடையது என்பார், ஒருநாள் மட்டும் "வீட்டுக்காரி கைய வச்சுட்டுப் போயிருக்கா" என்றார். கை விளங்கவில்லை என்று யார் சொன்னாலும் சிரிப்பார். தன் குறையைத் தான் அறியாத இந்த நிலையை 1914-இல் பாபின்ஸ்கி பெயரிட்டு விவரித்தார்.

வீட்டில் இதை மனசு ஒப்பவில்லை என்று சொன்னார்கள். இந்த விளக்கத்துக்கு ஆராய்ச்சியிலும் ஆதரவாளர்கள் உண்டு. கேப்டவுனின் மார்க் சோல்ம்ஸ் அவர்களில் முக்கியமானவர். நமீபியாவில் 1961-இல் பிறந்தவர். சிறுவயதில் அண்ணன் கூரையிலிருந்து விழுந்து மூளையில் அடிபட்டு, ஆளே மாறிப்போனதைக் கண்டு வளர்ந்தவர். மூளை அடிபட்டவர் முந்நூறு பேருக்கு மேல் விசாரித்து, கனவு வருகிறதா என்ற ஒரு சாதாரணக் கேள்வியைக் கேட்டு, கனவையும் கண்கள் துடிக்கும் உறக்கக் கட்டத்தையும் ஒன்றாக்கி வைத்திருந்த கோட்பாட்டை அசைத்தார். சுவர் மடலின் கீழ்ப்பகுதி அடிபட்டால் கனவே நின்றுவிடலாம் என்பது அவருடைய கண்டறிதல்களில் ஒன்று. அதை நினைவில் வைத்துப் பெரியவரிடமும் கேட்டேன். "கனவா? விழுந்ததுல இருந்து ஒண்ணும் வரல தம்பி" என்றார். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

வலது மூளை நோயாளிகளின் மறுப்புக்குப் பின்னால் தாங்க முடியாத துக்கம் இருக்கிறது என்பது சோல்ம்ஸ் தரப்பு. எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. இடது காதில் குளிர்ந்த நீர் விட்டால் சில நிமிடங்களுக்கு இந்த மறுப்பு விலகுவதை இத்தாலியர்கள் 1987-இல் எழுதினார்கள், பிறகு நம்மூர் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரனும் காட்டினார். துக்கம் மட்டுமே காரணமென்றால் காதில் தண்ணீர் விட்டு விலகாது. ஆனால் விலகும்போது துக்கம் வெளிவருகிறது என்பதும் உண்மை.

நாங்கள் தண்ணீர் விடவில்லை. லண்டனில் ஃபோட்டோபுலூ குழு 2009-இல் எழுதிய வழியைப் பின்பற்றி, அவர் கை தட்டுவதைப் பேரனின் போனில் எதிரே நின்று படமெடுத்து, போனை அவருடைய வலப்பக்கம் பிடித்துக் காட்டினோம். ஒருமுறை பார்த்தார். இன்னொரு முறை போடச் சொன்னார். "அந்தக் கை ஏன் வரல?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. "வெளங்காமப் போச்சா?" பிறகு வெகுநேரம் அழுதார். மறுநாள் கேட்டபோது "இடது கையில பலமில்ல" என்று தானாகவே சொன்னார். ஆனால் தட்டில் மீனை அன்றும் விட்டார். குறையை அறிவதும் இடப்பக்கத்தைக் கவனிப்பதும் வேறு வேறு வேலைகள்; ஒன்று திரும்பினால் மற்றது கூடவே வந்துவிடுவதில்லை.

சிகிச்சையும் பிறகும்

மேஜையின் இடது ஓரத்தில் சிவப்பு நாடா ஒட்டி, எந்த வேலையைத் தொடங்கும்போதும் முதலில் சிவப்பைத் தேடிப் பிடிக்கப் பழக்கினோம். பார்வையை வலப்பக்கம் பத்து டிகிரி போலத் தள்ளும் பட்டகக் கண்ணாடி போட்டு இலக்கைத் தொடும் பயிற்சியும் கொடுத்தோம். 1998-இல் ரோசெட்டி குழு வெளியிட்டபோது பெரிய நம்பிக்கை தந்த முறை அது. பின்னால் வந்த ஆய்வுகள் ஒன்றுபோலப் பேசவில்லை. இவருக்கு உதவியதா, இல்லை காலப்போக்கில் தானாகவே தேறினாரா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மனைவியை இடப்பக்கமே உட்கார வைத்து, கையைத் தொட்டபடி பேசச் சொன்னோம். அந்த அம்மா அதைச் செய்ததுபோல நாங்கள் எதையும் செய்யவில்லை.

ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது நட்சத்திரத் தாளில் 54-க்கு 45. தக்காளி தட்டு முழுக்கப் பரவியது. சந்தையில் மகனோடு உட்காருகிறார். இடப்பக்கம் சுவர் வருகிற மாதிரி நாற்காலியைப் போட்டிருக்கிறார்கள், ஆட்கள் வலப்பக்கமாகத்தான் வர முடியும். காலையில் நன்றாக இருக்கிறார். மதியம் களைத்ததும் 25 ரேண்ட் என்ற அட்டையை 5 ரேண்ட் என்று படித்துவிட்டு மகனோடு சண்டை பிடிக்கிறார்.

தீராமல் நிற்பது பக்கி விவகாரம். ஓட்ட முடியும் என்று சாதிக்கிறார். லைசென்ஸ் அட்டையைப் புதுப்பிக்கும் காலமும் வந்துவிட்டது. அங்கே கண் பரிசோதனை செய்வார்கள். கூர்மை சரியாக இருக்கும். ஓரத்தில் ஒற்றை வெளிச்சம் காட்டினால் அதையும் சொல்லிவிடுவார். தேறிவிட வாய்ப்பு உண்டு. நெரிசலான சாலையில் வலப்பக்கம் ஒரு டாக்ஸி இடித்துக்கொண்டு வரும்போது இடப்பக்கம் நடந்து போகிற குழந்தையை அந்தப் பரிசோதனை கேட்பதில்லை. அதனால் அறிக்கையில் தனிப் பத்தியாகவே எழுதினேன்: பார்வை இயல்பு, வாகனம் ஓட்டத் தகுதியில்லை, காரணம் கவனக் குறைபாடு. குடும்ப டாக்டருக்கும் ஒரு பிரதி. சாவி மகனிடம் இருக்கிறது. பெரியவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொரு முறை வரும்போதும் அதைத்தான் முதலில் கேட்கிறார்.